அவலாஞ்சி மழை, அவினாசிக் குட்டை

அவினாசிக்கு வடக்கே, பேருந்து நின்று போகும் ஒரு சின்ன ஊரின் குட்டைக் கரையில் நின்றிருந்தேன். வெட்டியும் சாகாத சீமைக் கருவேலங் கட்டைகள் இடுப்பளவு தண்ணீரில் முழித்துக்கொண்டிருந்தன. கரையோரக் குழாயின் வாயிலிருந்து நீர் விழுந்துகொண்டிருந்தது. பெரிய அருவி ஒன்றுமில்லை, தோட்டத்துப் பம்புசெட்டு தள்ளுகிற அளவுதான். ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்கிருந்துங்க வருது இந்தத் தண்ணி?”

“பவானியிலிருந்துங்க. எங்கப்பன் இதுக்குன்னு ஓட்டுப் போட்டாரு. அப்புறம் நானும் போட்டனுங்க. எம் பையன் போடற காலத்துலதான் தண்ணி கண்ணுக்குத் தெரியுது.”

எந்தத் தொகுதிக்கு ஓட்டு என்று கேட்டேன். கையை வடமேற்கே நீட்டினார். ஐப்பசி மேகத்துக்கு அடியில் ஒரு நீலக் கோடு. “அந்த மலைத் தொகுதிங்க. நீலகிரி.”

அவர் தலையில் துண்டு. வெயில் சுள்ளென்று அடித்தது. சுற்றிலும் சோளத்தட்டும் நிலக்கடலையும் விளைகிற வறண்ட செம்மண். கூப்பிடு தூரத்தில் பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன். இந்த மனிதரும், ஊட்டியில் கம்பளிக் குல்லாய் போட்டுக் கேரட் தோண்டுகிறவரும் டெல்லிக்கு அனுப்புவது ஒரே ஆளை.

நீலகிரி மக்களவைத் தொகுதியை மாவட்டத்தின் பெயரால் அழைப்பது பாதி உண்மைதான். உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகள் மலையில் இருக்கின்றன. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் கீழே, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில். நான்கு மாவட்ட ஆட்சியர்களின் எல்லைக்குள் ஒரே எம்.பி. 2024 தேர்தலில் மொத்தம் 14 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கீழே இருப்பவர்கள். பெயர் மலைக்கு, ஓட்டு தரைக்கு. 2008 மறுசீரமைப்பில் இந்த எல்லையை வரைந்தவர்கள் தலைகளை எண்ணித்தான் வரைந்திருப்பார்கள். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது எனக்கு ஆற்றின் படம்தான் தெரிந்தது. அந்தக் குழாயில் விழும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஏறக்குறைய தொகுதி முழுவதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

தண்ணீர் குட்டைக்கு வந்த கதை சுருக்கமாக இதுதான். பவானி காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் காளிங்கராயன் அணைக்கட்டு இருக்கிறது. அதைத் தாண்டி வழிகிற உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை எடுத்து, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்குத் தள்ளி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொடுப்பது அத்திக்கடவு – அவினாசித் திட்டம். அறுபதாண்டுக் கோரிக்கை. 2019இல் அடிக்கல் நாட்டியது ஓர் ஆட்சி, 2024 ஆகஸ்ட் 17இல் திறந்தது இன்னோர் ஆட்சி. இரண்டு கட்சிக்காரர்களும் குட்டைக்கரையில் உரிமை கொண்டாடுகிறார்கள். பெரியவர் இருவரையும் மறுக்கவில்லை. “யாரு விட்டாலும் ஆடு குடிக்குமுங்க.”

அவினாசியில் நான் அதிகம் தங்கவில்லை. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார் என்பது தலபுராணம். அந்தப் பிள்ளை போன தாமரைக்குளத்தைப் பார்த்துவிட்டு, திருமுருகன்பூண்டியில் கல்தச்சர்களின் உளிச்சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வடக்கே பேருந்து ஏறினேன். திருப்பூர் இந்தப் பக்கமாக வீங்கிக்கொண்டே வருகிறது. தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்தில் தையல் மெஷின் ஓடும் தகரக் கொட்டகை, அதற்குப் பக்கத்தில் வடநாட்டுத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகள். அந்த அறைகளில் இருப்பவர்களின் ஓட்டு பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும். இதை ஊர் என்பதா நகரம் என்பதா என்று கணக்கெடுப்புக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புஞ்சைப் புளியம்பட்டியில் வியாழக்கிழமைச் சந்தை. மாடுகளும் தரகர்களும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற பழைய வழக்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் ரகசியம்தான். கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்திருந்த ஆட்கள் மூன்று மொழியில் ஒரே மாட்டைக் குறை சொன்னார்கள்.

அங்கிருந்து பவானிசாகர் பக்கம். அணையை எதிரே நின்று பார்த்தால் அணை என்று தோன்றாது. எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண்கரை. யாரோ ஒரு குன்றை இழுத்துப் படுக்கவைத்தது போல இருக்கிறது. 1955இல் கட்டி முடித்தார்கள். 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. மேற்கிலிருந்து பவானியும் வடமேற்கிலிருந்து மோயாறும் இதற்குள் வந்து சேர்கின்றன. நீர்த்தேக்கத்துக்கு அடியில் தணாயக்கன்கோட்டை இருக்கிறது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் அங்குள்ள மாதவப் பெருமாள் கோயில் வெளியே வரும், ஜனங்கள் பார்க்கப் போவார்கள். சாமி தரிசனம் கிடைக்கிற ஆண்டு உழவனுக்குச் சோறு கிடைக்காத ஆண்டு.

அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம் தருகிறது. கொஞ்ச தூரத்திலேயே தொகுதியைத் தாண்டிவிடுகிறது. கோபி, பெருந்துறை, காங்கேயம் என்று அது நனைக்கும் வயல்கள் வேறு எம்.பி.க்களின் வயல்கள். அணைக்காக நிலத்தை இழந்தவர்கள் இங்கே, தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போடுபவர்கள் அங்கே. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று கீழே பல ஆண்டுகளாக இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். கடைமடைக்காரருக்குக் கான்கிரீட் வேண்டும். கசிவு நீரில் கிணறு ஊறுபவருக்கு அது வேண்டாம். அணைக்கு வெளியே மீன் வறுத்து விற்கும் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “அது வாய்க்காக்காரங்க சண்டைங் கண்ணு, நமக்கு அணையில தண்ணி நின்னா மீனு” என்றார். இரண்டாவது துண்டு மீனுக்குப் பிறகு எனக்கும் அதே கருத்து வந்துவிட்டது.

சத்தியமங்கலத்தில் விடிவதற்கு முன்னால் எழுந்தேன். மல்லிகைத் தோட்டங்களில் நெற்றி விளக்கு மாட்டிய பெண்கள் வரிசை வரிசையாக அசைவது, இருட்டில் மின்மினிக் கூட்டம் இரை தேடுவதுபோல இருந்தது. மொக்கு விரிவதற்குள் பறித்துவிட வேண்டும், ஏலத்துக்கு வந்துவிட வேண்டும். முகூர்த்த நாளில் ஏறுகிற விலை மறுநாளே படுத்துவிடும். பூ விலையை எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையும் தொட்டதாக நினைவில்லை.

பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் இங்கே வண்டிகளுக்குத் தடை. புலிகள் காப்பகம் இது, 2013இல் அறிவித்தது. யானைக்கும் சிறுத்தைக்கும் இரவு முழுதும் சாலை சொந்தம். மேலே தாளவாடியில் முட்டைக்கோசும் கன்னடமும் விளைகின்றன. பாதிக் கடைப் பலகைகளில் இரண்டு எழுத்தும். அங்கே கும்டாபுரத்தில் தீபாவளி முடிந்ததும் ஊரே மாட்டுச் சாணியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து கொண்டாடும். நான் போனபோது முடிந்துபோயிருந்தது. சுவர்களில் மட்டும் சாட்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஊருக்குள் நான் காலே வைக்கவில்லை. தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டம், கோத்தகிரி வட்டம் என்பது அதன் முகவரி. இருப்பதோ மலையடியில், மோயாற்றுப் பள்ளத்தாக்கில், காட்டின் நடுவே. 1948 வாக்கில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கி, கோத்தகிரிப் பக்கத்து ஜனங்கள் இறங்கிவந்து நெல்லும் வாழையும் போட்டார்கள். மலை விளிம்பில் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் அந்த ஊர் காலுக்கு நேர் கீழே கிடக்கிறது. ஒரு பச்சைக் கட்டம், பக்கத்தில் மோயாறு வளைந்து போகும் வெள்ளிக் கம்பி. ஒரு தேங்காயை உருட்டிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் தாலுகா ஆபீசுக்கு வர வேண்டுமானால், பரிசலில் மோயாற்றைக் கடந்து, காட்டுச் சாலையில் பவானிசாகர் வந்து, மேட்டுப்பாளையம் போய், மறுபடி மலையேறிக் கோத்தகிரி. மாவட்டத்தை விட்டு வெளியேறாமல் அந்த ஊர்க்காரர் தன் சொந்த வட்டத் தலைநகரைப் பார்க்க முடியாது. ஆனால் எந்தப் பாதையில் சுற்றினாலும் நீலகிரித் தொகுதியை விட்டு மட்டும் வெளியே போகமாட்டார். வரைபடத்தில் கோணல் மாணலாகத் தெரியும் தொகுதி அந்தப் பேருந்துத் தடத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது.

வெளியாட்கள் அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். எனக்கு இல்லை. புலிகளுக்காக ஊரையே இடம் பெயர்க்கும் பேச்சு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. காட்சிமுனையில் நின்ற சுற்றுலாக் கூட்டத்துக்கு அதில் அக்கறை இல்லை. ஜெயலலிதாவின் பங்களா எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 2017 காவலாளி கொலைக்குப் பிறகு கோடநாடு என்றால் எல்லோருக்கும் அதுதான்.

கதையை முந்திக்கொண்டு மலையேறிவிட்டேன். நடுவில் மேட்டுப்பாளையம் இருக்கிறது. மலையின் வாசல் என்று சுற்றுலாக்காரர் சொல்வார்கள். எனக்கு அது மலையின் கிடங்கு. ஊட்டியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கும் பூண்டும் மண்டிகளில் மலைபோல் கிடக்கும். ஏலம் கேட்கும் குரல், சாக்குத் தைக்கும் ஊசி, கிழங்கு வாசனை. ஊருக்கு வெளியே கல்லாறில் பாக்குத் தோப்பு. அங்கிருந்துதான் மலை ரயிலின் பற்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வத் தொடங்குகிறது. 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. 46 கிலோமீட்டருக்கு 16 குகைகள், 250 பாலங்கள். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

யாரும் சுற்றுலாப் பேருந்தை நிறுத்தாத இடம் நடூர். 2019 டிசம்பர் 2, விடியற்காலை, பெருமழை. பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த உயர்ந்த கருங்கல் சுவர், அடியில் இருந்த ஓட்டு வீடுகளின்மேல் சாய்ந்தது. உறக்கத்தில் 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் தலித்துகள். அது தீண்டாமைச் சுவர் என்றார்கள் ஊர்க்காரர்கள். நீலகிரி 2009 தேர்தலிலிருந்து தனித் தொகுதி. உள்ளிருக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் அவினாசி, பவானிசாகர், கூடலூர் மூன்றும் தனி. நடூர்த் தெருவில் ஒரு பெண் குடம் நிறைந்ததும் குழாயை மூடினார், நான் யாரென்று கேட்கவில்லை. நானும் எதுவும் கேட்காமல் திரும்பினேன்.

குன்னூருக்கு ஏறும்போது ஜன்னலுக்குள் தேயிலை வாசனை வந்துவிடும். எடப்பள்ளி தாண்டி ஒரு படுகர் ஹட்டியில் இறங்கினேன். வண்ணம் அடித்த ஒட்டிய வீடுகள், நடுவே களம். அங்கே பேசிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அப்பா உருளைக்கிழங்கு போட்டார், நாங்கள் தேயிலைக்கு மாறினோம், மகன் பெங்களூரு போய்விட்டான் என்று மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் சொன்னார். சோவியத் யூனியன் உடைந்தபோது நீலகிரித் தேயிலையை மொத்தமாக வாங்கிய கைகள் போய்விட்டன. தொண்ணூறுகளின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது, இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. “ருசியாவுல ஆட்சி கவுந்தா எங்க ஹட்டியில கல்யாணம் தள்ளிப்போச்சு” என்றார். குந்தாவின் மறுபக்கம் கேரட்டைக் கழுவி லாரியில் ஏற்றுகிறவர்களின் வண்டி நள்ளிரவில் இறங்கி விடியும்போது மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்கும். மேலிருந்து கீழே போவதற்கு இங்கே தண்ணீர், காய்கறி, பிள்ளைகள் என்று வரிசை உண்டு. கீழிருந்து மேலே வருவது சுற்றுலாக்காரர்களும் வேட்பாளர்களும்.

வேட்பாளர்கள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பா.ஜ.க. தனக்கென்று கண்ட பழைய வெற்றிகளில் ஒன்று இங்கே. 1998, 1999 இரண்டிலும் படுகர் சமூகத்தவரான மாஸ்டர் மாதன் வென்றார். 2009, 2019, 2024இல் தி.மு.க.வின் ஆ. இராசா. இடையில் 2014இல் அ.தி.மு.க.வின் கோபாலகிருஷ்ணன். அந்த 2014இல்தான் இத்தொகுதி நாட்டிலேயே ஒரு சாதனை செய்தது. 46,559 பேர் ‘மேற்கண்ட எவருமில்லை’ பொத்தானை அழுத்தினார்கள். நாட்டின் வேறெந்தத் தொகுதியிலும் அவ்வளவு விழவில்லை. பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியானது, இராசா மீதிருந்த அலைக்கற்றை வழக்கின் நிழல் எல்லாம் காரணம் என்பார்கள். இத்தனை விதமான மனிதர்கள் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்றால் அது அதில்தான்.

ஊட்டியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் வண்டிகள் ஏற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அப்படியும் அங்கே போக்குவரத்து நெரிசலில் நின்றேன். இந்து நகரில் பிலிம் சுருள் தயாரித்த பெரிய அரசு ஆலை புல் மண்டிக் கிடக்கிறது. எந்த எக்ஸ்ரேயிலும் இனி அதன் பெயர் இல்லை. போகட்டும்.

அவலாஞ்சிதான் நான் தேடிவந்த இடம். வனத்துறை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். சோலைக்காடு, புல்வெளி, அவற்றின் இடுக்கில் நீர்த்தேக்கம். மழை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி இங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அவினாசியில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு சேராத வருஷங்கள் உண்டு. இந்த மழையைப் புல்வெளி ஈரத் துணி போல உறிஞ்சிவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. அந்த நீர் குந்தா மின்நிலையச் சுழலிகளைச் சுற்றிவிட்டு, பில்லூரில் பவானியோடு சேர்கிறது. பவானி மட்டும் அட்டப்பாடிக்குள் போய்க் கேரளத்தை எட்டிப் பார்த்துவிட்டு முக்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கும். அப்புறம் மேட்டுப்பாளையம், அணை, காளிங்கராயன், குழாய், குட்டை, ஆடு. பைக்காராவில் 1932இல் எடுத்த மின்சாரம்தான் கோவை ஆலைகளை ஓட்டியது. அதன் தண்ணீரும் மோயாறு வழி அதே அணைக்கே போகிறது. தொகுதியை ஒட்டவைத்திருப்பது இந்தப் புல்வெளிதான், கட்சிக்கொடிகள் அல்ல.

எருமைக்காகப் புல்வெளியைக் காத்தவர்கள் தோடர்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழ்நாட்டின் தொன்மைப் பழங்குடிகள் ஆறும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும். எண்ணிக்கை போதாது என்பது காரணம். எண்ணிக்கை போதாததால்தானே ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு தோடர் மந்தில் கேட்டார்கள். சட்டம் படித்த யாராவது பதில் சொல்லலாம்.

பைக்காராவைத் தாண்டி நடுவட்டத்திலிருந்து சாலை சரியும்போது காற்று மாறிவிடுகிறது. யூகலிப்டஸ் போய் ஏலமும் காப்பியும் பாக்கும் வருகின்றன. கூடலூர். பேச்சில் மலையாளம், தமிழ், கன்னடம், பணியர் மொழி. 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் கிடைக்கிறதென்று வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வந்து மலையைத் துளைத்துப் பார்த்துவிட்டு, கம்பெனிப் பங்குகளோடு கவிழ்ந்து போனார்கள். இப்போதும் ஆழத்தில் மண்ணை அரித்துப் பார்ப்பவர்கள் உண்டு.

தங்கத்தைவிட இங்கே அரிது பட்டா. நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலங்களை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. எண்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். ஒரு பகுதி தீர்ந்தது, ஒரு பகுதி காடாகச் சேர்ந்தது, மீதி ‘செக்ஷன் 17’ என்ற பெயரில் வழக்காகவே கிடக்கிறது. அந்த நிலத்தில் வீடு உண்டு, தேயிலை உண்டு, மூன்று தலைமுறை உண்டு. பட்டா இல்லாததால் பல இடங்களில் மின் இணைப்பும் இல்லை. வாக்காளர் அட்டை மட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

கடைசி நாள் பந்தலூர் பக்கம் ஒரு லைன் வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். 1964 ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்காக அரசே போட்ட தேயிலைத் தோட்டம். அந்த வீட்டு அம்மாவின் தாத்தா பதுளையிலிருந்து வந்தவர். கருப்பட்டி போட்ட சாயத் தேநீர் கொடுத்தார் அந்த அம்மா. அண்மையில் தோட்டத்தின் சில பகுதிகளை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு.

வாசலுக்குக் கீழே ஓர் ஓடை சலசலத்துப் போய்க்கொண்டிருந்தது. மேற்கு நோக்கி.

“இந்தத் தண்ணி எங்க போவுதும்மா?”

“கேரளாவுக்குத்தான் சார். சாலியாறுல சேந்து கடலுக்குப் போயிரும்.”

பயணம் முழுக்கக் கிழக்கே போகும் தண்ணீரையே பார்த்துவந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தொகுதியின் இந்த மூலை நான் பார்த்துவந்த மற்ற இடங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரிகிறது. பாண்டியாறு – புன்னம்புழாத் தண்ணீரை மோயாற்றுப் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்று ஈரோடு, கோபி உழவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். கீழே வயல்கள் காய்கிற கதை, அணையில் கோயில் வெளியே தெரிகிற கதை, குட்டைக்குக் குழாயில் வந்த கதை எல்லாம் சொன்னேன். டம்ளரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“தண்ணி கேக்கறாங்களே சார், அவங்க நெலத்துக்கெல்லாம் பட்டா இருக்கா?”

“இருக்கும்மா.”

“அதான் கேக்கறாங்க” என்றார். மழை விட்டிருந்தது. கொழுந்து நிறுக்கும் சங்கு ஊதியது, கூடையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப்போனார்.